பதினொரு மாதக் குத்தகையில் ஒரு மைதானம்: எங்கள் நகராட்சியின் நிலக் குத்தகைச் சேவை

நகராட்சி தன் நிலத்தை விளையாட்டுக் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடுவதும் ஒரு சேவைதான். பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி, குடிநீர் இணைப்பு ஆகியவை எப்படிக் கிடைத்தன என்று எழுதுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்தச் சேவையைப் பற்றி எழுதியவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு நகராட்சியில், வாலிபாலும் கபடியும் ஆடும் ஒரு குழுவின் செயலாளராகப் பல ஆண்டுகள் இந்த அலுவலகத்துக்கு நடந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் அலுவலர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். என் காலத்தில் ஐந்து ஆணையாளர்கள் வந்து மாறுதலாகிப் போய்விட்டார்கள். குறை மட்டும் அப்படியே இருப்பதால், அதை எவர் ஒருவர் தலையிலும் சுமத்துவது நியாயமாகாது.

எங்கள் மைதானம் பழைய மாட்டுச் சந்தைக்குப் பின்புறம் உள்ள 22 சென்ட் நகராட்சி நிலம். வாலிபால் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது; சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9 சென்ட் வேண்டும். பக்கத்தில் ஒரு கபடிக் களம், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, சைக்கிள்கள் நிறுத்தக் கொஞ்சம் இடம். இவ்வளவுதான் எங்கள் உலகம். வேலூர்ப் பக்கத்து வெயிலில் மார்ச் தொடங்கிவிட்டால் காலை ஐந்தரைக்கு இறங்கி எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும், அல்லது இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆட வேண்டும். இந்த இரண்டாவது வழியை நாங்கள் ஏன் இன்றுவரை தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதற்கும் குத்தகைக்கும் தொடர்பு உண்டு.

குழுவின் கோப்பை ஒருமுறை பதிவறையில் பிரித்துக் காட்டினார்கள். ஓரம் கிழிந்த பழுப்பு நிற உறை. மேலே வெள்ளை நாடா கட்டு. உள்ளே இருந்த முதல் கடிதத்தின் தலைப்பில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும், 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி தனியாகப் பிரிந்த பிறகு வந்த கடிதங்களில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றும், அடுத்து வந்தவற்றில் ‘வேலூர் மாவட்டம்’ என்றும் இருந்தது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் குழுவும் மைதானத்தின் நான்கெல்லையும் மாறவில்லை. தொடக்க காலக் குத்தகைகள் மூன்று மூன்று ஆண்டுகளுக்கானவை, ஒவ்வொன்றுக்கும் மன்றத் தீர்மானம் உண்டு. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்த காலத்தில்தான், மூன்று ஆண்டு பதினொரு மாதமாகச் சுருங்கியது.

ஏன் பதினொரு மாதம் என்பது வீட்டு வாடகை ஒப்பந்தம் போட்ட எல்லோருக்கும் தெரியும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும்; பதினொரு மாதம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் அது வசதியான ஏற்பாடாக இருக்கலாம். செம்மண் கொட்டி, உருளை ஓட்டி, தண்ணீர் தெளித்து ஒரு களத்தை நாற்பது ஆண்டு காலமாகக் காப்பாற்றி வரும் குழுவுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் வரும் வெளியேற்ற அறிவிப்பைப் போன்றது. மூன்றாண்டுக் காலத்திலாவது ஒரு வேலையைத் தொடங்கி முடித்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது.

இந்த ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை, நிலத்தில் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் செய்யக் கூடாது என்கிறது. அதனால் எங்கள் வலைக் கம்பங்களைக் கான்கிரீட்டில் ஊன்ற முடியவில்லை. தரைக்குள் இரும்புக் குழாய் உறை ஒன்றைப் புதைத்து, ஆடும்போது அதில் கம்பத்தை இறக்கி, ஆட்டம் முடிந்ததும் உருவி எடுத்து வைக்கிறோம். மழை பெய்தால் அந்த உறை நிறையத் தண்ணீர் நிற்கும். அடுத்த நாள் காலை ஒரு பையன் குனிந்து குவளையால் அதை இறைத்து ஊற்றுவான். உறையின் விளிம்பு துருப்பிடித்து விரிந்துபோனதால் கம்பம் ஆடுகிறது, ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற வலை உயரம் ஓர் ஆட்டம் முடிவதற்குள் இரண்டு விரற்கடை இறங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு மூட்டை சிமென்ட் போதும். அனுமதிதான் இல்லை.

கம்பமாவது பொறுத்துக்கொள்ளக் கூடியது. எங்களிடம் காலையில் பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் கட்ட முடியாததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உதவுகிறார். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்பதும் இல்லை, காரணம் எல்லோருக்கும் தெரியும். கடந்த இரண்டு ஆண்டுகளில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்றாலும், இதுவும் ஒன்று என்று அவர்களின் தாய்மார்களே என்னிடம் சொன்னார்கள்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும். அந்த ஒரு பங்கை எங்கள் முன்னாள் ஆட்டக்காரர்கள் தர முன்வந்தார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின்படி நிறுவனங்கள் செய்யும் சமூகப் பொறுப்புச் செலவின் பட்டியலில் ஊரக விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்கள். அரசுத் திட்டத்துக்குப் போனபோதும் தொழிற்சாலைகளுக்குப் போனபோதும் கேட்ட முதல் கேள்வி, ‘நிலத்தில் உங்களுக்கு எத்தனை ஆண்டு உரிமை இருக்கிறது?’ என்பதுதான். பதினொரு மாதம் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. விளக்குக் கம்பத்துக்கான மின் இணைப்புக்கும் நில உரிமையாளரான நகராட்சியின் தடையின்மைச் சான்று வேண்டும். குத்தகை முடிய நான்கு மாதமே இருப்பதால் புதுப்பித்த பிறகு வருமாறு அலுவலகத்தில் சொன்னார்கள். புதுப்பித்துக் கையில் ஒப்பந்தம் வருவதற்குள் அதிலும் ஐந்து மாதம் கழிந்திருந்தது.

ஓர் ஊரில் ஒரு பயிற்சிக் கூடம் பல்லாண்டுகள் நிலைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூருக்கு உள்ளேயே சான்று இருக்கிறது. 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்று, 2018-இல் கோல்டு கோஸ்ட்டில் மீண்டும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். அவருடைய தந்தையும் பளு தூக்கியவர். தந்தை பழகிய இரும்பை மகன் தொடுவதற்கும், அண்ணன் ஆடிய களத்தில் தங்கை ஆடுவதற்கும், அந்த இடம் அங்கேயே இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் நகராட்சியின் பொதுவான கொள்கை என்று எண்ணி நான் பொறுத்திருப்பேன். எல்லாருக்கும் பதினொரு மாதம்தான் என்றால் அது கடுமையான விதி, ஆனால் எல்லாருக்கும் ஒரே விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி, நகராட்சி நிலத்தில் இருக்கும் மன்றங்கள், குழுக்கள் எவை, குத்தகைக் காலம் எவ்வளவு, வாடகை எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்று மூன்று கேள்விகளைக் கேட்டேன். முப்பது நாள் கெடு முடிவதற்கு முந்தின நாள் பதில் வந்தது; அதற்காக அந்தப் பொதுத் தகவல் அலுவலரை மனமாரப் பாராட்டுகிறேன். பதிலில் இருந்த பட்டியலின்படி, ஊரின் வசதியுள்ளவர்கள் கூடும் ஒரு பொழுதுபோக்கு மன்றத்துக்கு முப்பது ஆண்டுக் குத்தகை இருந்தது. ஓர் இறகுப்பந்து அமைப்புக்கு ஒன்பது ஆண்டு. எங்களுக்கும், காலனிப் பகுதியில் பூப்பந்து ஆடும் இன்னொரு குழுவுக்கும் பதினொரு மாதம். நான்கும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கங்கள், நான்கும் ஒரே நகராட்சியின் நிலங்கள். எதற்காக இந்த வேறுபாடு என்ற கேள்விக்கு, ‘மன்றத் தீர்மானத்தின்படி’ என்ற இரண்டு சொற்கள்தான் பதில். தீர்மானங்களின் நகலையும் வாங்கிப் படித்தேன். ஒன்றிலும் காரணம் எழுதப்படவில்லை.

வாடகையிலும் அதே நிலைதான். எங்கள் மைதானத்துக்கு எதிரே சாலையோரக் கடைகள் இருப்பதால் வணிக இடத்துக்கான வழிகாட்டி மதிப்பை வைத்து எங்கள் வாடகையைக் கணக்கிட்டார்கள். முப்பது ஆண்டுக் குத்தகைக்காரர்களின் நிலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்தும் அவர்களின் வாடகை ஒப்பந்த நாளில் இருந்த தொகையிலேயே நிற்கிறது. நான் கேட்பது சலுகை இல்லை. எங்களுக்கு ஓர் அளவுகோல் என்றால் அவர்களுக்கும் அதே அளவுகோல், அந்த அளவுகோல் எது என்பதை எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். போபாலில் ஓர் அறக்கட்டளைக்கு மத்தியப் பிரதேச அரசு வழங்கிய நிலத்தை 2011-இல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பொதுச் சொத்தை வெளிப்படையான கொள்கை எதுவும் இல்லாமல், விண்ணப்பித்தவருக்கு மட்டும் தூக்கிக் கொடுக்க முடியாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும், இப்படிப்பட்ட விவரங்களை யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. எங்கள் நகராட்சியின் இணையப் பக்கத்தில் வரி கட்டுவதற்கு நல்ல வசதி இருக்கிறது. குத்தகைப் பட்டியல் இல்லை.

நீண்ட குத்தகைக்கு நகராட்சி தயங்குவதில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிண்டியில் சென்னை குதிரைப் பந்தயக் கழகத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 160 ஏக்கர் நிலத்தை 1946 முதல் 99 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகையில் எடுத்திருந்தார்கள். வாடகையை உயர்த்துவதற்கான வழக்கு நெடுங்காலம் இழுத்து, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவையைச் செலுத்தும்படி உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. ஒரு கையெழுத்து மூன்று தலைமுறையின் கையைக் கட்டிப்போடும் என்ற பயம் ஓர் ஆணையாளருக்கு இருப்பது இயல்பு. கொடுத்த நிலத்தைத் திருமண விருந்துக்கும் வண்டி நிறுத்தவும் உள்வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவே ஓர் ஆண்டு தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட மூன்று வாரம் இடம் கொடுத்தது. அப்போது நான் பொருளாளர், தடுக்காதது என் தவறு. நகராட்சி எங்களைக் கண்டித்துக் கடிதம் அனுப்பியது முறையான செயல்.

ஆனால், கிண்டியில் தவறானது ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும்தானா? வாடகையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திருத்தும் நிபந்தனை சரியாக இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் எங்கள் பழைய ஆட்டக்காரர் ஒருவர் அந்த நாட்டு முறையை விளக்கி எழுதியிருந்தார். அங்கே 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கிடைக்கக்கூடிய சிறந்த விலைக்குத்தான் உள்ளாட்சி மன்றம் நிலத்தைக் கொடுக்க வேண்டும். பொதுமக்களின் நலன் கருதிக் குறைத்துக் கொடுக்க விரும்பினால், விட்டுக்கொடுக்கும் மதிப்பு இருபது லட்சம் பவுண்டுக்கு உட்பட்டிருக்கும்வரை 2003-இல் தரப்பட்ட பொது ஒப்புதல் போதும். திறந்தவெளி நிலமாக இருந்தால் உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்து, வரும் ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். அங்கேயும் சண்டைகள் உண்டு என்றுதான் அவர் எழுதினார். ஆனால் எவ்வளவு தள்ளுபடி, எதற்காக என்பதைக் கணக்கிட்டு எழுதி வைத்தே கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஊரில் தள்ளுபடி பெற்றவர்களுக்கே எவ்வளவு பெற்றோம் என்று தெரியாது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் விளையாட்டிடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. எங்கள் மைதானம் அப்படி ஒரு பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டபோது வருவாய்ப் பிரிவில் நகரமைப்புப் பிரிவைக் கைகாட்டினார்கள், நகரமைப்புப் பிரிவில் வருவாய்ப் பிரிவைக் கைகாட்டினார்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் அது இன்னும் ‘சந்தை’ என்றே இருக்கிறது.

சேவை என்ற அளவில் மதிப்பிட்டால், முன் மேசையில் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். மனுவை வாங்கி முத்திரை வைத்துப் பதிவு எண் கொடுக்க ஒருநாளும் மறுத்ததில்லை, யாரும் என்னிடம் கை நீட்டியதும் இல்லை. நில அளவையர் சொன்ன நாளில், உச்சி வெயிலில் வந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, வரைபடத்தையும் அதே வாரத்தில் கொடுத்தார். முடிவெடுக்கும் இடத்துக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. 2022-க்குப் பிறகு மன்றம் வந்ததும் எங்கள் விண்ணப்பம் இரண்டு முறை கூட்டப் பொருளில் இடம்பெற்றது. இரண்டு முறையும் ‘ஒத்திவைக்கப்பட்டது’. ஒத்திவைத்ததற்குக் காரணம் எழுதியிருந்தால் அதைச் சரிசெய்து மூன்றாம் முறை வந்திருப்போம். எங்கள் வார்டு உறுப்பினர் எழுந்து பேசினார் என்றும், உறுப்பினர்களுக்கு நில வரைபடம் வழங்கப்படாததால் பேச்சு நின்றது என்றும் பிறகு அறிந்தேன். அளவையர் கொடுத்த வரைபடம் அப்போது கோப்பிலேயே இருந்தது.

புதிதாகக் குத்தகைக்கு விண்ணப்பிக்கப் போகும் குழுக்களுக்கு என் அனுபவத்தில் இருந்து சில சொல்லலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ்ப் பதிவு செய்து, ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்து வாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் கோப்பு முதல் மேசையிலேயே நின்றுவிடும். வாடகையை வரைவோலையாகவோ இணைய வழியிலோ கட்டி ரசீதை வாங்குங்கள். வாய்மொழியாக ‘ஆடிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று எவ்வளவு பெரியவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்; அவர் மாறுதலான மறுநாளே உங்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் வந்துவிடும். குழுவின் வருகைப் பதிவேட்டைக் காலையும் மாலையும் எழுதுங்கள். எங்கள் கோப்பில் அலுவலர்கள் நின்று படித்த ஒரே பகுதி, பிள்ளைகள் தம் கையெழுத்தில் பெயர் எழுதிய அந்த நோட்டுதான்.

மூன்றாவது விண்ணப்பத்தைச் சென்ற மாதம் கொடுத்திருக்கிறேன். அதில் பதினைந்து ஆண்டு கேட்டிருக்கிறோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம். உள்வாடகைக்கு விட்டால் உடனே ரத்து செய்யலாம். காலை ஆறு முதல் எட்டு வரை உறுப்பினர் அல்லாத பிள்ளைகளுக்கும் களம் திறந்திருக்கும். கழிப்பறை கட்டினால் அது நகராட்சியின் சொத்து. ஆண்டுக் கணக்கை வார்டு மக்கள் முன் படிப்போம் என்று எங்கள் தரப்பு நிபந்தனைகளை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதே நிபந்தனைகளை மற்ற மூன்று அமைப்புகளுக்கும் அவர்களின் அடுத்த புதுப்பித்தலில் விதிக்க வேண்டும் என்றும், பூப்பந்துக் குழுவுக்கும் எங்களுக்குத் தரும் அதே ஆண்டுகளைத் தர வேண்டும் என்றும் கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறோம். அந்தக் குழுவின் தலைவர் எங்களோடு வந்து அதே மனுவில் கையெழுத்திட்டார். வரைபடத்தின் நகல்களை இந்த முறை நானே எடுத்து, உறுப்பினர் ஒருவருக்கு ஒன்று என்று எண்ணி, மனுவோடு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.